இடி விழுந்த வீட்டில்



'அஸ்டானிஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லை இன்று வியப்பைக் குறிக்க இலேசாகப் பயன்படுத்துகிறோம். அதன் வேரோ இலேசானதன்று. இடி முழங்குதலைக் குறிக்கும் 'தொனாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக அது ஆங்கிலத்தை அடைந்தது. அடிபட்டு நினைவு தடுமாறுவதைச் சொல்லும் 'ஸ்டன்' என்பதும் அதே வேரில் வந்ததுதான். இடியால் தாக்குண்டவனைப்போல் செயலற்று நிற்பதே அதன் பழைய பொருள். 'இடி கேட்ட நாகம்' என்று நம் முன்னோர் சொன்னதும் இந்நிலையைத்தானே!

1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் எசேக்கியேல் 3:15-இல் இச்சொல்லை ஆள்கிறது. தீர்க்கதரிசி, சிறைப்பட்டுப்போன தன் ஜனங்களைக் காண, கேபார் நதியண்டையிலுள்ள தெலாபீபுக்கு வருகிறார். தேவன் கொடுத்த சுருளைப் புசித்தவர் அவர். சொல்வதற்குச் செய்தி இல்லாதவர் அல்லர். ஆயினும் ஏழு நாள் அவர்கள் நடுவிலே திகைத்தவராய்த் தங்கியிருந்தார். அதன் பின்புதான் கர்த்தருடைய வார்த்தை மீண்டும் அவருக்கு உண்டாயிற்று. யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நன்மை அந்த மௌனமே. வாய் திறந்தபின் அவரைக் குற்றப்படுத்தவே செய்தார்கள்.

நாமோ துக்க வீட்டின் வாசலை மிதித்தவுடனே 'எல்லாம் நன்மைக்கே', 'இது தேவசித்தம்' என்று சொல்லிவிடுகிறோம். இடி கேட்ட செவியில் எந்தச் சொல்லும் உடனே ஏறாது என்பதை மறந்துவிடுகிறோம். நானும் இதில் தவறியவனே. மகனை இழந்த ஒரு தாயின்முன் அவசரமாக வேதத்தைத் திறந்து வாசித்தேன். அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் அருகே அமர்ந்திருந்த பக்கத்து வீட்டு மூதாட்டியின் தோளில்தான் அவர் சாய்ந்துகொண்டார். அன்று அங்கே ஊழியம் செய்தவர் அந்த அம்மையாரே.

மௌனமாயிருப்பது விசுவாசக் குறைவு என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று; தேவன் தமது வேளையில் பேசுவார் என்று நம்புகிறவனால் மட்டுமே காத்திருக்கக் கூடும். நாம் முந்திக்கொண்டு பேசுவது பெரும்பாலும் நம்முடைய பதற்றத்தைத் தணிக்கவே.

ஆகையால், இந்த வாரம் இடி விழுந்த வீடு ஒன்று உங்கள் தெருவில் இருக்குமானால், அங்கே செல்லுங்கள். பிரசங்கம் வேண்டாம். அடுப்பு எரியாத அவ்வீட்டுக்குக் கொஞ்சம் கஞ்சி கொண்டுபோங்கள். அவர்களோடு தரையில் அமருங்கள். சொல்லவேண்டிய வார்த்தையை, ஏழு நாள் சென்றாகிலும், கர்த்தர் தருவார். ஆமென்.