பெயர் இல்லாத சிப்பாய்கள்

வாசகர்களே, உங்கள் பிள்ளையின் விளையாட்டுப் பெட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பச்சை நிறப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் சிலராவது கீழே விழுவார்கள். ஒருவன் மண்டியிட்டுச் சுடுகிறான். இன்னொருவன் குண்டு வீசக் கையை ஓங்குகிறான். 1938-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த பொம்மை வகை இது. பொட்டலம் பொட்டலமாக இன்றும் விற்கிறது. அதில் ஒருவனுக்கும் பெயர் கிடையாது.

"விளையாட்டுச் சாமானில் என்னய்யா அரசியல்?" என்று நீங்கள் கேட்கலாம். யாருக்குப் பெயர் உண்டு, யார் வெறும் எண்ணிக்கை என்பதுதானே அரசியலின் முதல் பாடம்! அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே படித்து விடுகிறார்கள்.

'ஜி.ஐ. ஜோ' பொம்மைகளை எடுத்துக் கொள்வோம். ஹாஸ்பரோ நிறுவனம் 1964-இல் தொடங்கிய இந்த வரிசை, 1982-இல் சிறிய அளவுப் பொம்மைகளாகப் புதுப்பிறவி எடுத்தது. கூடவே காமிக்ஸும் பிறகு கார்ட்டூனும் வந்தன. ஒவ்வொரு வீரனின் அட்டைக்குப் பின்னாலும் அவனுடைய புனைபெயர், சொந்தப் பெயர், பிறந்த ஊர், கற்ற தொழில் எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். காமிக்ஸ் எழுதிய லாரி ஹாமாதான் இவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர்.

அதே 1982-இல் எதிர்ப்படையான 'கோப்ரா'வின் சிப்பாயும் கடைக்கு வந்தான். முகத்தில் பாதியைத் துணி மூடியிருந்தது. அட்டையில் அவனுக்கு என்ன அடைமொழி தெரியுமா? 'எதிரி'. அவ்வளவுதான்! அவனுக்கு ஊர் இல்லை, தாய் தகப்பன் இல்லை.

இதில் வியாபாரக் கணக்கும் இருக்கிறது. பெயர் உள்ள நாயகனை ஒரு பிள்ளை ஒரு முறைதான் வாங்கும். பெயர் இல்லாதவனை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம், ஏனென்றால் ஒருவனை வைத்துப் படை நடத்த முடியாது. ஆகவே, பெயர் இல்லாமல் இருப்பதே அவனுடைய விற்பனைத் தகுதி.

கார்ட்டூனில் நடந்தது இன்னும் வேடிக்கை. விமானத்தைச் சுட்டு வீழ்த்துவார்கள். உடனே விமானி பாராசூட்டில் குதித்து விடுவான். யாரும் சாவதில்லை. பெற்றோருக்கு நிம்மதிதான். ஆனால் பிள்ளை என்ன கற்றுக் கொள்கிறது? சுட்டால் ஒன்றும் ஆகாது என்று. சாவே இல்லாதவனுக்காக யார் அழப் போகிறார்கள்? நாயகர்கள் பக்கத்திலும் பின்வரிசையில் பச்சைச் சட்டை போட்ட பெயரில்லாத வீரர்கள் ஓடிக் கொண்டிருப்பார்கள். அவர்களையும் யாரும் கேட்பதில்லை.

"கதையில் எல்லாருக்கும் பெயர் வைக்க முடியுமா?" என்று கேட்டால், முடியாதுதான். அதை ஒத்துக் கொள்கிறேன். ஆனால் முகம் மூடியிருப்பதால்தான் பெயர் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே 1982 வரிசையில் 'ஸ்நேக் ஐஸ்' என்று ஒருவன் இருந்தான். வண்ணம் பூசும் செலவை மிச்சப்படுத்த முழுக் கறுப்பாக வார்த்த பொம்மை. முகம் தெரியாது, பேச்சும் கிடையாது. அவனுக்கு ஹாமா ஒரு கதை கொடுத்தார். 1984-இல் வந்த 21-ஆம் இதழில் ஒரு வசனம்கூட இல்லாமல் அவனை மையமாக வைத்துக் கதை சொன்னார். அந்த வரிசையிலேயே மிகவும் விரும்பப்பட்டவர்களில் ஒருவனாக அவன் ஆகிவிட்டான்.

முகமூடி இருவருக்கும் உண்டு. ஒருவனுக்குக் கதை எழுத ஆள் இருந்தது, மற்றவனுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

2008-இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்: த குளோன் வார்ஸ்' கார்ட்டூன் இதைப் புரிந்து கொண்டது. ஒரே முகத்தோடு உற்பத்தியான சிப்பாய்கள் தங்களுக்குள் பெயர் வைத்துக் கொள்கிறார்கள், முடியை விதவிதமாக வெட்டிக் கொள்கிறார்கள். கிரெல் என்ற தளபதி வந்து, பெயரை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லி அழைக்கிறான். அவன் கொடியவன் என்று சிறு பிள்ளைக்குக்கூட உடனே விளங்கிவிடும். ஆனால் அதே கார்ட்டூனில் எதிர்ப்படையினர் யார்? இயந்திரங்கள்! எத்தனை நொறுங்கினாலும் சிரிக்கலாம். பெயர் வைக்கும் பெருந்தன்மை அங்கேயும் நம் பக்கத்தோடு நின்று விட்டது.

கூட்டமாக மட்டும் எண்ணப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? தெரிந்த நாமே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

கேட்டால் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. பச்சைச் சிப்பாய்களில் பெண்கள் ஏன் இல்லை என்று 2019-இல் அமெரிக்காவில் ஒரு சிறுமி பொம்மை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினாள். 2020-இல் பெண் சிப்பாய்கள் வந்தார்கள்.

ஆகவே பொம்மையைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. இன்று மாலை பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். தரையில் சாய்ந்து கிடக்கும் எதிரிச் சிப்பாய் ஒருவனைக் கையில் எடுத்து, "இவன் பேர் என்னப்பா? இவனுக்காக வீட்டில் யார் காத்துக் கொண்டிருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை கொஞ்சம் யோசிக்கும். பிறகு ஒரு பெயர் சொல்லும். அதன் பிறகு அவனைச் சுடுவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

சிந்திப்போம்!