பிளாக் ஹில்ஸைத் திருப்பிக் கொடு!

குளோயி ஜாவோ இயக்கிய 'சாங்ஸ் மை பிரதர்ஸ் டாட் மீ' (2015) படத்தில் ஜானி என்ற லக்கோட்டா இளைஞன் திருட்டுத்தனமாக மது விற்கிறான். காதலி அவுரேலியா படிக்க லாஸ் ஏஞ்சலிஸ் போகிறாள். அவளோடு கிளம்பிவிடப் பணம் சேர்க்கிறான். இடையில் தந்தை தீ விபத்தில் இறந்துபோகிறார். எரிந்த வீட்டின் கரிக்குள் அவர் நினைவாக ஏதாவது கிடைக்குமா என்று துழாவுகிறாள் தங்கை ஜஷான். கடைசியில் அந்தத் தங்கையை விட்டுப்போக ஜானிக்கு மனம் வரவில்லை.

தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கிடத்தில், பெரும்பாலும் அந்த மண்ணின் மக்களையே நடிக்கவைத்து எடுத்த படம் இது. இதைப் பார்த்த பிறகும் இம்மக்களைக் 'குடித்துக் கெட்டவர்கள்' என்று வாய்கூசாமல் பேசுவோரைக் கண்டிக்கிறோம். படம் வந்தபோது பைன் ரிட்ஜில் மதுவிலக்கு இருந்தது. எல்லையைத் தாண்டியதும் வரும் ஒயிட்கிளேயில் குடியிருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அந்தச் சிற்றூரில் நான்கு பீர்க் கடைகளுக்கு உரிமம் கொடுத்து வைத்திருந்தது நெப்ராஸ்கா மாநிலம்! ஆண்டுக்குப் பல லட்சம் கேன்கள் விற்ற அந்தக் கடைகள் 2017இல்தான் மூடப்பட்டன. குடித்தவனைத் தூற்றுகிறவர்கள் விற்றவனைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

பைன் ரிட்ஜின் வறுமைக்கும் காரணகர்த்தா உண்டு. 1868 லாரமி கோட்டை ஒப்பந்தத்தில், பிளாக் ஹில்ஸ் மலைகள் லக்கோட்டாக்களும் அடங்கிய சூ மக்களுக்கே என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. 1874இல் அங்கே தங்கம் தென்பட்டதும் பேச்சு மாறியது. மலையைத் தராவிட்டால் உணவுக்கு நிதி கிடையாது என்று 1876இல் சட்டம் போட்டார்கள். பட்டினி போட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். நிலத்தை விட்டுக்கொடுக்க வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் கையெழுத்திட்டார்கள். அப்படியும் 1877இல் மலையை எடுத்துக்கொண்டார்கள்.

1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல். நிலத்தை விற்கவில்லை, பணம் வேண்டாம் என்று சூ மக்கள் மறுத்துவிட்டார்கள். அந்தத் தொகை இன்று 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நாட்டிலேயே மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்றில் வாழ்ந்துகொண்டு அதைத் தொட மறுக்கும் மக்களுக்கு, மேலும் பணம் காட்டுவது அவமதிப்பு.

தனியார் நிலத்தைத் தொடாமல், அரசின் கையிலுள்ள சுமார் 13 லட்சம் ஏக்கரைத் திருப்பித் தர 1985இல் செனட்டர் பில் பிராட்லி மசோதா கொண்டுவந்தார். அதைக் கிடப்பில் போட்டுச் சாகடித்தது அமெரிக்க நாடாளுமன்றம். அந்த மசோதாவை மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டும். சூ இனத்தவரின் மன்றங்களோடு அமர்ந்து பேசி, நிலத்தை அவர்கள் பெயருக்கு மாற்றி எழுத வேண்டும்.