கபிலரின் வகுப்பறையும் நமது வகுப்பறையும்

குறிஞ்சிப்பாட்டை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குக் கபிலர் பாடியது என்பது அந்நூலைப் பற்றிய பழங்குறிப்பு. 261 அடிகள், அவற்றுள் 99 மலர்கள். மாணவர்கள் இவ்வெண்களை ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்துகொள்கின்றனர். பழனி மலைத்தொடரில் ஆசிரியப் பணி புரியும் நமக்கோ அக்குறிப்பு வேறொன்றை உணர்த்துகிறது. தமிழ் அறியாதவனுக்குத் தமிழ் கற்பிக்கப் புகுந்த புலவர், தினைப்புனத்தையும் அருவியையும் மலைப்பூக்களையும் அவன்முன் வைத்தார். மலையே அவரது பாடநூலாயிற்று. பழனி எனக் கருதப்படும் பொதினிக்கு உரிய பேகனையும் அவரே பாடியுள்ளார்.

அந்த மலையில் இன்று தமிழ் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது? நம் வகுப்பில் பளியர் குடியிலிருந்து வந்த மாணவி ஒருவர் இருந்தார். குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பெண். கிழங்கு என்ற சொல் பாடத்தில் வந்தபோது, கொடியைப் பார்த்தே கிழங்கின் ஆழத்தை அறிவதையும், அகழ்ந்த பின் தலைப்பகுதியை மீண்டும் மண்ணில் புதைத்து வருவதையும் அவர் விளக்கினார். வகுப்பு முழுவதும் வியந்து கேட்டது. ஆயினும் 'குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களை எழுதுக' என்ற தேர்வு வினாவுக்கு, பட்டியலை வரிசை பிறழாமல் எழுதிய சமவெளி மாணவியே முழு மதிப்பெண் பெற்றார். விடைக்குறிப்பு பட்டியலைத்தான் கேட்கிறது, வாழ்வைக் கேட்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே அது 54 விழுக்காடே. அந்த இடைவெளியைத் தாண்டிக் கல்லூரி வரை வருபவர் மிகச் சிலர். அவர்களும் முதலாண்டிலேயே நின்றுவிடுவதைக் காண்கிறோம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில் காப்பிப் பழம் பறிக்கும் காலமும் பருவத் தேர்வும் ஒன்றாக வருகின்றன. கூலியை விட்டால் வீட்டில் அடுப்பெரியாது; தேர்வை விட்டால் படிப்பு நின்றுபோகும். அதனோடு மழைக்காலத்தில் பாதியில் நின்றுவிடும் பேருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடைக்கானலில் மிஷனரிமார் தம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கியது 1901-இல். நூற்றாண்டுக்கு மேலாகக் கல்விக்குப் பெயர்பெற்ற மலையில், மலையின் சொந்தப் பிள்ளைகள் இன்னும் விருந்தாளிகளைப் போலவே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

'இவர்களுக்கெனப் பாடத்தைத் தளர்த்தினால் நாளை போட்டித் தேர்வில் எப்படி வெல்வார்கள்?' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. பாடத்தைத் தளர்த்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தொடங்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்றே சொல்கிறோம். தேனெடுப்பதை அறிந்த பிள்ளையிடம் அதை முதலில் சொல்லச் செய்து, பிறகு சங்கப் பாடலுக்கு அழைத்துச் சென்றால், பட்டியலும் தானே நினைவில் நிற்கும். மலைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண்ணையாவது, மாணவர் தத்தம் ஊரின் கிழங்கு, தேன், மரம், மழை பற்றிய சொற்களைத் தொகுப்பதற்கு ஒதுக்கலாம். பாட்டிமாரோடு மறையவிருக்கும் சொற்கள் ஏட்டில் ஏறும். தேர்வு நாள்களைக் காப்பிப் பருவத்திற்கு முன்னரே முடித்துக்கொள்வதும் ஆகாத செயல் அன்று.

2006-இலும் 2018-இலும் பூத்த குறிஞ்சி மீண்டும் 2030-இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. அதைக் காணப் பெருங்கூட்டம் மலையேறும். இன்று பள்ளியில் பயிலும் மலைப்பிள்ளைகள் பலர் அவ்வாண்டில் கல்லூரிப் பருவத்தை எய்தியிருப்பார்கள். அவர்களுள் எத்தனை பேர் வகுப்பறையில் இருப்பார்கள், எத்தனை பேர் தோட்டத்தில் கூலிக்கு நிற்பார்கள் என்பதை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.