கடைசி கோல் யாருடையது?

1930-ல் முதல் உலகக் கோப்பை கால்பந்துப் போட்டியை நடத்தியது உருகுவே. மொத்தமே 13 அணிகள். கப்பலில் இரண்டு வாரத்துக்கு மேல் பயணம் என்பதால் ஐரோப்பாவிலிருந்து நான்கே அணிகள்தான் வந்தன.

ஜூலை 30, மான்டிவீடியோ நகரில் இறுதிப் போட்டி. உருகுவேயும் அர்ஜென்டினாவும் மோதின. யார் கொண்டுவந்த பந்தில் ஆடுவது என்பதிலேயே தகராறு! முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, இரண்டாம் பாதிக்கு உருகுவே பந்து என்று முடிவானது. இடைவேளையில் அர்ஜென்டினா 2-1 என முன்னிலை. பந்து மாறியது, ஆட்டமும் மாறியது. உருகுவே 4-2 என வென்றது.

கடைசி கோலை அடித்தவர் எக்டர் காஸ்ட்ரோ. 13 வயதில் மின்சார ரம்பத்தில் சிக்கி வலது முன்கையை இழந்தவர்.

கால்பந்துக்குக் கை எதற்கு என்று தோன்றலாம். ஓடும்போது தடுமாறாமல் இருக்கவும், இடித்துக்கொண்டு வருபவரைச் சமாளிக்கவும் கை வேண்டும்.

அந்தத் தொடரில் உருகுவேயின் முதல் கோலும் காஸ்ட்ரோ அடித்ததுதான். ஆனாலும் அடுத்த இரண்டு ஆட்டங்களில் அவருக்கு இடமில்லை. இறுதிப் போட்டிக்குத்தான் மறுபடி அழைத்தார்கள். வந்தார், அடித்தார், கோப்பை உள்ளூரிலேயே தங்கியது!