கை விரித்துத் தொடங்குவோம்

மேசைப்பந்தாட்டம் விரைவின் ஆட்டம். எதிராளியின் மட்டையிலிருந்து புறப்பட்ட பந்து கண்ணிமைக்கும் நேரத்தில் நம்மை வந்தடைகிறது. வந்த பந்துக்கு ஏற்றவாறு நாம் விடையிறுத்தே ஆகவேண்டும். ஆயினும் அவ்வாட்டத்தில் ஒரு கணம் முற்றிலும் நமக்கே உரியது. பந்து நம் உள்ளங்கையில் இருக்கிறது. எதிராளி காத்து நிற்கிறார். எந்த இடத்தில், எந்த வேகத்தில், எந்தச் சுழற்சியோடு அனுப்புவது என்பதை நாமே முடிவு செய்கிறோம். ‘சர்வீஸ்’ என வழங்கும் அந்தத் தொடக்க அடியை நம் மாணவர்கள் போதிய அளவு மதிப்பதில்லை என்பதே என் கருத்து.

மாலையில் எந்தக் கல்லூரியின் விளையாட்டு அறைக்குச் சென்றாலும் ஒரே காட்சியைக் காணலாம். மேசையைச் சுற்றிப் பெருங்கூட்டம், வந்தவுடன் போட்டி, தோற்றவர் விலக, அடுத்தவர் மட்டையை ஏந்துகிறார். தொடக்க அடியை மட்டும் தனியே நின்று பயில்வாரைக் காண்பது அரிது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் சடங்காகவே அதனைக் கருதுகின்றனர்.

இக்கருத்து இன்று சற்றும் பொருந்தாது. 2001 வரை ஓர் ஆட்டம் 21 புள்ளிகளுக்கு நடந்தது. ஒருவர் தொடர்ந்து ஐந்து முறை தொடங்குவார். அவ்வாண்டில் ஆட்டம் 11 புள்ளிகளாகச் சுருங்கியது. தொடங்கும் முறை இரண்டிரண்டாகக் குறைந்தது. இருபத்தொன்றில் ஒன்றை வீணாக்குவதும் பதினொன்றில் ஒன்றை வீணாக்குவதும் ஒன்றாகா. எதிராளி எதுவும் செய்யாமலே, நம் பந்தை நாமே வலையில் அடித்துப் புள்ளியைத் தாரை வார்ப்பது அதனினும் பெரிய இழப்பு.

தொடக்க அடிக்கான விதிகள் எளியவை, பொருள் பொதிந்தவையும்கூட. பந்து விரித்த உள்ளங்கையின்மேல் அசையாது இருக்க வேண்டும். சுழற்சி கொடாமல், ஏறக்குறைய நேர்செங்குத்தாக, குறைந்தது 16 செ.மீ. உயரத்திற்கு அதனை மேலெறிய வேண்டும். அது கீழிறங்கும்போதுதான் அடிக்க வேண்டும். அடிக்கும் இடம் மேசை மட்டத்திற்கு மேலும், மேசை விளிம்புக்குப் பின்னும் இருக்க வேண்டும். பந்து முதலில் நம் பக்கத்திலும், வலையைக் கடந்து எதிர்ப்பக்கத்திலும் பட வேண்டும். ஒரு காலத்தில் உடலாலும் கையாலும் பந்தை மறைத்து அடிக்கும் வழக்கம் இருந்தது. 2002-இல் அதுவும் தடை செய்யப்பட்டது. எதிராளியை ஏமாற்றலாம்; ஆனால் மறைத்து அன்று, அவர் கண்முன்னே திறமையால் மட்டுமே என்பது அதன் பொருள். கை விரித்துக் காட்டிவிட்டுத் தொடங்கும் இந்நேர்மை விளையாட்டரங்கிற்கு வெளியேயும் நம் மாணவர்க்குப் பயன்படும்.

அத்திறமையை எவ்வாறு பெறுவது? பந்தை மோதாமல், மெல்ல உரச வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். பந்தின் அடிப்புறத்தை உரசினால் அது பின்சுழற்சி பெறும். நன்றாக உரசப்பட்ட பந்து மேசையில் பட்டபின் வலையை நோக்கித் திரும்ப முயல்வதைக் காணலாம். அதுவே நம் பயிற்சிக்கு நாமே இடும் மதிப்பெண். எதிர்ப்பக்கத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து, பத்துப் பந்துகளில் எத்தனை அதன்மேல் விழுகின்றன என்று நாள்தோறும் குறித்து வரலாம். பின்னர், ஒரே கையசைவில் சுழலும் பந்தையும் சுழலாப் பந்தையும் மாறிமாறி அனுப்பப் பழகலாம்.

சென்னையில் வளர்ந்த சரத் கமல், தந்தையும் சிற்றப்பாவும் பயிற்சியளிக்க இளமையிலேயே மட்டை பிடித்தவர். 2006-இல் மெல்போர்னிலும், பதினாறு ஆண்டுகள் கழித்து 2022-இல் பர்மிங்காமிலும் காமன்வெல்த் போட்டியின் ஒற்றையர் தங்கத்தை வென்றார். வீட்டிலேயே பயிற்சியாளர் அமையும் பேறு காரைக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வரும் நம் மாணவர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை. மட்டையை முதன்முதலாகக் கல்லூரியில்தான் தொடுவோரும் உளர். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் நகரத்து மாணவர் அனுப்பும் முதற்பந்திலேயே அவர்கள் தடுமாறுவதில் வியப்பில்லை. அந்த இடைவெளியைத் தம் முயற்சியால் குறைத்துக்கொள்ள அவர்களுக்குள்ள நேர்வழி தொடக்க அடிப் பயிற்சியே. அதற்குத் துணையாட்டக்காரர் வேண்டியதில்லை. ஒரு மேசையும் சில பந்துகளும் போதும்.

கைகளே இல்லாத ஒருவரும் இதனைப் பயின்றார் என்பது நம் சாக்குப்போக்குகளை வாயடைக்கும். எகிப்தின் இப்ராஹிம் ஹமத்தூ சிறுவயதில் தொடர்வண்டி விபத்தில் இரு கைகளையும் இழந்தவர். மட்டையை வாயில் கவ்வி, கால்விரல்களால் பந்தை மேலெறிந்து தொடங்கும் அவரை 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உலகமே வியந்து நோக்கியது.

‘பாடத்திற்கே நேரம் போதாத நிலையில் இது எதற்கு?’ எனப் பெரியோர் வினவலாம். நான் கேட்பது காலையில் அரைமணி நேரமே. ஆத்தங்குடியில் கல் வார்ப்போர் கண்ணாடியின்மேல் வண்ணக் குழம்பைக் கையாலேயே ஊற்றி, ஒவ்வொரு கல்லாக வார்க்கின்றனர். அவர்தம் கை பிசகாமைக்குக் காரணம், அதே செயலை ஓயாது செய்த பழக்கமே. ஒன்றையே பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யப் பழகிய மாணவன் பாடத்திலும் அப்பொறுமையை இழக்கமாட்டான்.

எனவே கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இது: வகுப்பு தொடங்குமுன் விளையாட்டு அறையைத் திறந்து வையுங்கள். அந்த அரைமணியில் போட்டி வேண்டா. தொடக்க அடிப் பயிற்சி மட்டும் நடக்கட்டும். மாணவியர்க்கும் தனி நேரம் ஒதுக்குங்கள். நம் செட்டிநாட்டு ஓலைக் கொட்டான் நிறையப் பந்துகளை வாங்கித் தரச் சமுதாயப் பெரியோர் முன்வரலாம், அது பெருஞ்செலவன்று. மாணவச் செல்வங்களே, ஆட்டத்தின் முடிவு நம் கையில் இல்லை. தொடக்கம் நம் கையில் இருக்கிறது. அதனைச் செம்மையாகப் பயில்வோம்.