கோட்டை போனது, சொல் நின்றது



ஸ்பெயின் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கால்பந்து, காளைச் சண்டை, பாடப் புத்தகத்தில் பார்த்த கொலம்பஸின் கப்பல். பழவேற்காடு என்றதும்? ஏரி, பூநாரை, இறால். இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொன்னால், "இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்றுதான் கேட்பீர்கள்.

சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

பழவேற்காடு, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஏரியைச் சுற்றி மீனவர் குப்பங்கள். இன்று போய்ப் பார்த்தால் படகும் வலையும் கருவாடு காயும் மணலும்தான் கண்ணில் படும். 400 ஆண்டுகளுக்கு முன்னால் இது உலகக் கப்பல்கள் தேடி வந்த துறைமுகம் என்றால் நம்புவீர்களா?

அந்தக் கதை ஐரோப்பாவில் ஆரம்பிக்கிறது. ஹாலந்து நாட்டு டச்சுக்காரர்கள் அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தார்கள். 1568-இல் அவரை எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்தப் போர் முடிய 80 ஆண்டுகள் ஆயின! 1648-இல்தான் சமாதானம். போரின் நடுவே ஒரு திருப்பம். 1580-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப், போர்ச்சுகலுக்கும் மன்னரானார். (பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு அந்தப் பெயர் வந்தது இவரால்தான்.) டச்சு வியாபாரிகள் மிளகும் கிராம்பும் வாங்கி வந்தது போர்ச்சுகலின் லிஸ்பன் துறைமுகத்தில். பகைவர்களை மன்னர் சும்மா விடுவாரா? அவர்களுடைய கப்பல்களை அங்கே மடக்கினார். கடைக்காரர் கதவைச் சாத்தினால் என்ன செய்வது? டச்சுக்காரர்கள் சரக்கு விளையும் நாடுகளுக்கே புறப்பட்டுவிட்டார்கள்.

அப்படி வந்தவர்கள் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று, 1610-இல் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியருக்கு இது பிடிக்கவில்லை. 1612-இல் படையெடுத்து வந்து அந்தப் பண்டகசாலையை அழித்தார்கள். டச்சுக்காரர்கள் அடுத்த ஆண்டே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்தார்கள். இங்கே ஒரு கேள்வி. 1612-இல் போர்ச்சுகலின் மன்னர் யார்? ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்! எங்கோ ஐரோப்பாவில் மூண்ட சண்டை, நம் ஏரிக்கரை வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள். அதில் நம் மீனவருக்கோ நெசவாளிக்கோ ஒரு பங்கும் இல்லை.

டச்சுக்காரர்களுக்கு இங்கே வேண்டியிருந்தது துணி. நம் நெசவாளர்கள் நெய்த துணியைக் கொடுத்தால்தான் இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைக்கும். சரி, துணிக்கு விலை? ஐரோப்பியச் சரக்குகள் நம் வெயிலில் யாருக்கு வேண்டும்! வெள்ளியும் தங்கமும்தான் கொடுத்தாக வேண்டும். அவர்கள் கப்பலில் கொண்டுவந்த பணத்தில் ஸ்பானிஷ் வெள்ளி நாணயங்கள் முக்கியமானவை. பகைவனின் நாணயம்தான், ஆனாலும் வெள்ளி வெள்ளிதானே!

அந்த வெள்ளி ஸ்பெயினில் தோண்டியதல்ல. தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியா நாட்டில், போட்டோசி என்று ஒரு மலை. சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் அந்த ஊர் இருக்கிறது; அங்கே மூச்சு விடுவதே சிரமம். 1545-இல் அங்கே வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. சுற்றியிருந்த கிராமங்கள் முறை வைத்து ஏழு ஆண்களில் ஒருவரைச் சுரங்க வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பது ஸ்பானிய அரசின் கட்டளை. போனவர்களில் பலர் திரும்பவில்லை. மெக்சிகோவிலும் இப்படி வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன.

இங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? பஞ்சம் வந்தபோது சாப்பாட்டுக்கு வழியில்லாத ஏழைகளை டச்சுக்காரர்கள் அடிமைகளாக வாங்கினார்கள். இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். உங்களைப் போன்ற சிறுவர்களும் அதில் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே அழகான எழுத்து வெட்டிய கற்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே நிற்கும்போது, துணி நெய்தவருக்கும் கப்பலில் ஏற்றப்பட்டவருக்கும் ஒரு கல்கூட இல்லையே என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டை என்ன ஆயிற்று? 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முழுமையாகப் போய்விட்டது. கெல்டிரியா இருந்த இடத்தில் இன்று மண்மேடும் முட்புதரும்தான். பிலிப் மன்னர்களின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

ஆனால் அன்று மாலை சமைக்கும் மடவை மீன் குழம்பை எட்டிப் பாருங்கள்! மிளகாய் மிதக்கிறதே, அது கொலம்பஸ் 1492-இல் போய் இறங்கும் வரை அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே யாரும் ருசி பார்க்காத காய். அவர் தேடிப் போனது மிளகு, கிடைத்தது இது. ஸ்பானிஷ் மொழியில் மிளகுக்கு 'பிமியென்டா' என்று பெயர். புதிய காய்க்கு 'பிமியென்டோ' என்று வைத்தார்கள். போர்ச்சுக்கீசியர் கப்பலில் அது நம் கரைக்கு வந்தபோது நம் பாட்டிகள் என்ன பெயர் வைத்தார்கள்? மிளகுபோல் காரமான காய், மிளகாய்! ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். குழம்பில் இருக்கும் தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். சப்போட்டா தின்கிறீர்களே, அந்தப் பெயர் மெக்சிகோ பழங்குடி மக்களின் சொல். ஸ்பானிஷ் வழியாக நம்மிடம் வந்தது. சாக்லேட்டும் அப்படித்தான். ஆங்கிலப் பாடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் 'மஸ்கிட்டோ' நேரடி ஸ்பானிஷ். பொருள், சின்ன ஈ. நம் ஊர்ப் பெயரும் சும்மா இருக்கவில்லை. மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்குப் 'பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காட்டை வெளிநாட்டார் புலிக்காட் என்று சொன்னதிலிருந்து வந்தது அது.

இந்தச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. 'எல் நினோ'. மழைக்காலத்தில் செய்தியில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இது விஞ்ஞானிகள் உண்டாக்கிய பெயர் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பைட்டா என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே சிறிய படகுகளில் கரையோரமாகப் போய்வரும் மாலுமிகள் ஒன்றைக் கவனித்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் குளிர்ந்த கடலில் ஒரு வெதுவெதுப்பான நீரோட்டம் வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் அதற்குக் 'குழந்தை' என்று, அதாவது குழந்தை இயேசுவின் பெயரை வைத்தார்கள். ஸ்பானிஷ் மொழியில் அதுதான் எல் நினோ. சில ஆண்டுகளில் அந்தச் சூடு மிகவும் அதிகமாகும். அப்போது அந்தக் கடலின் நெத்திலி மீன்கள் காணாமல் போகும். ஆம், நம் நெத்திலியின் சொந்தக்கார மீன்தான்! 1972-இல் அப்படிச் சூடு ஏறியது. முன்பே அளவுக்கு மீறி வலை வீசியிருந்ததால் பெருவின் மீன்பிடித் தொழிலே படுத்துவிட்டது.

இந்தச் சூடு உலகத்தின் காற்றையே திசை மாற்றும் என்பது பின்னால் தெரிந்தது. எல் நினோ ஆண்டுகளில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கூடுதலாகப் பெய்வது பெரும்பாலான வழக்கம். சென்னையும் திருவள்ளூரும் வெள்ளத்தில் மிதந்த 2015, வலுவான எல் நினோ ஆண்டு. (எல் நினோ என்றாலே வெள்ளம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். மழைக்கு இன்னும் பல காரணங்கள் உண்டு.)

படகுக்காரர்களின் பேச்சு உலகம் முழுவதும் எப்படிப் போனது? ஒருவர் எழுதிவைத்தார், அவ்வளவுதான். 1892-இல் காமிலோ கரில்யோ என்ற பெரு நாட்டுக் கப்பல் தலைவர், லிமா நகரின் புவியியல் சங்கத்தில் "பைட்டா மாலுமிகள் இந்த நீரோட்டத்தை இப்படி அழைக்கிறார்கள்" என்று தெரிவித்தார். படிக்காதவர்கள் சொன்னதுதானே என்று அவர் ஒதுக்கவில்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடம் இப்படிப்பட்ட அறிவு எவ்வளவு இருக்கிறது தெரியுமா? வடக்கிலிருந்து வீசினால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். நீரோட்டத்துக்கும் தண்ணீரின் நிறத்துக்கும் தனித்தனிப் பெயர்கள். ஏரியில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு. ஏரியை அழிக்காமல், சண்டையும் இல்லாமல் பிழைக்க அவர்களே கண்டுபிடித்த வழி அது. ஆனால் குப்பத்திலிருந்து வரும் பிள்ளைகள் இந்தச் சொற்களை வகுப்பில் சொல்லக் கூச்சப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இல்லாத சொல் தப்பான சொல் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "கைப்பேசியில்தான் வானிலை வருகிறதே, தாத்தா பேச்சு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. கைப்பேசி வேண்டும்தான். புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போகவே கூடாது. ஆனால் இந்த ஏரியின் முகத்துவாரத்தில் இன்று மணல் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது என்பதை, தினமும் அதைக் கடந்து போகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

எனவே, மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தாத்தாவிடம் உட்காருங்கள். ஒவ்வொரு காற்றுக்கும் அவர் சொல்லும் பெயர், அது வீசும் மாதம், அப்போது கிடைக்கும் மீன் ஆகியவற்றை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பாட்டியிடம் கருவாட்டுக் கணக்கைக் கேளுங்கள். பிறகு முகத்துவாரத்துக்கு வாருங்கள். அது எந்தெந்த ஆண்டு மணல் மூடி அடைந்தது, எப்போது தானே திறந்தது, அந்த ஆண்டு இறால் எப்படி இருந்தது? மற்றவர்கள் உங்கள் ஊர் உழவரிடமோ நெசவாளரிடமோ இதே வேலையைச் செய்யலாம். நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதி, உங்கள் பெயர், வகுப்பு, ஊருடன் எங்களுக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.