குளிருக்குக் கரையாத கொழுப்பு

ஏ.சி.யை 16-இல் வைத்துவிட்டு சைக்கிள் மிதித்தால் கொழுப்பு நாலு மடங்கு கரையுமாம். பெண்களுக்கு இன்னும் சீக்கிரம் கரையுமாம். யூடியூபைத் திறந்தால் இந்தப் பேச்சுதான். ஐஸ் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து படம் போடுகிறவர்கள் தனி ரகம். முழுப் பொய் என்றால் ஒரே வரியில் தள்ளிவிடலாம். இது அரை உண்மை, அதனால்தான் விலைபோகிறது.

கனடாவில் சட்பரி நகரத்து லாரன்ஷியன் பல்கலைக்கழகம் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எடை கூடிய 11 பேர் ஒரு நிமிடம் மூச்சிரைக்க மிதித்தார்கள், ஒன்றரை நிமிடம் மெதுவாக மிதித்தார்கள். இப்படிப் பத்துச் சுற்று. ஒருநாள் 21 டிகிரியில், இன்னொரு நாள் 0 டிகிரியில். உறைகுளிரில் கொழுப்பு எரிந்த அளவு 358 சதவீதம் கூடியிருந்தது. செய்தி போட்டவர்கள் பலர் இத்தோடு பேனாவை மூடிவிட்டார்கள். மறுநாள் காலை அதே ஆட்களுக்குக் கொழுப்பு மிகுந்த சிற்றுண்டி கொடுத்துச் சோதித்தபோது குளிரால் வந்த ஆதாயம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அதை யார் தலைப்பாக்கினார்கள்? போகட்டும், அங்கே ‘இதமான அறை’ என்பது 21 டிகிரி. சென்னையில் மார்கழி விடியலில் குல்லா மாட்டிக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அதே 21.

அந்த 358 எதன்மேல் கூடியது என்று கேட்க வேண்டும். மூச்சிரைக்க மிதிக்கும்போது தசை பெரும்பாலும் மாவுச்சத்தைத்தான் எரிக்கும். கொழுப்பின் பங்கு சொற்பம். சொற்பத்தை நாலரை மடங்காக்கினாலும் பெரிய தொகை வந்துவிடாது. ஒரு கிலோ உடல் கொழுப்போ ஏறத்தாழ 7,700 கலோரி.

கொழுப்பு எரிவதை அளக்கும் விதத்தையும் பாருங்கள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி. உள்ளே போன ஆக்சிஜன் எவ்வளவு, வெளியே வந்த கரியமில வாயு எவ்வளவு என்று ஒரு கணக்கு. விகிதம் 0.7-ஐ ஒட்டினால் எரிவது கொழுப்பு, 1-ஐ ஒட்டினால் மாவுச்சத்து. அந்த அரைமணி நேரத்தில் உடல் எந்த எரிபொருளை எடுத்தது என்பதைத்தான் அது சொல்லும். இடுப்புச் சுற்றளவு அந்த முகமூடிக்குத் தெரியாது. அப்போது கொழுப்பை எடுத்த உடல் பிறகு மாவுச்சத்தை எடுத்துக்கொள்ளும். நாள் முடிவில் தின்றதற்கும் செலவழித்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் மிஞ்சும்.

குளிரில் உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளக் கூடுதலாக எரிக்கும் என்பது இன்னொரு வாதம். சும்மா உட்கார்ந்து நடுங்குகிறவருக்கு அது பொருந்தும். ஓடுகிறவருக்கு? தசை செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. சூடு ஏற்கெனவே தேவைக்குமேல் இருக்கும்போது நடுங்க வேலை ஏது?

பெண்கள் விஷயத்தில்தான் புரட்டு அதிகம். ஒரே அளவு சிரமத்தில் பெண்ணின் தசை ஆணின் தசையைவிடக் கொழுப்பை அதிக விகிதத்தில் எரிக்கிறது. ஈஸ்ட்ரோஜனுக்கு இதில் பங்குண்டு. வெப்பத்தை உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பும், 2009-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் 1,972 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தபோது, பெண்களில் 7.5 சதவீதத்தினரிடமும் ஆண்களில் 3.1 சதவீதத்தினரிடமும் தென்பட்டது. இரண்டும் சரி. கொழுப்பை எரிப்பதே இளைக்கும் வழி என்றால், பெண்கள் எல்லாரும் ஆண்களைவிடக் கொழுப்புக் குறைந்தவர்களாக அல்லவா இருக்க வேண்டும்? நடப்பு நேர்மாறு. ஆரோக்கியமான பெண்ணின் உடலில் கொழுப்பின் விகிதம் ஆணைவிட அதிகம். அது நோயுமல்ல, குறையுமல்ல. பழுப்புக் கொழுப்போ கழுத்திலும் காறை எலும்பை ஒட்டியும் கொஞ்சமாக இருப்பது. அதைக் காட்டி இடுப்புச் சதைக்கு விலை பேசுவது வியாபாரம்.

பசியை யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 11 ஆண்கள் தண்ணீருக்குள் 45 நிமிடம் சைக்கிள் மிதித்தார்கள். 20 டிகிரி நீரில் செலவான கலோரி 505, 33 டிகிரி நீரில் 517, பெரிய வித்தியாசமில்லை. கரையேறியதும் வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். 33 டிகிரி நீரிலிருந்து வந்தபோது சராசரியாக 608 கலோரி உள்ளே போயிற்று. குளிர்நீரிலிருந்து வந்தபோது 877. சோதிக்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்களை வைத்துச் செய்த சோதனையின் முடிவைப் பெண்களுக்கும் அப்படியே பொருத்திவிடும் வழக்கம் இந்தத் துறையில் புதிதல்ல.

வெயிலைவிடக் குளிர்ச்சியில் கூடுதல் நேரம் ஓட முடிகிறது என்றால் தாராளமாக ஓடுங்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்குப் பலன் உண்டு. இதய நோயோ ஆஸ்துமாவோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐஸ் தண்ணீரில் இறங்க வேண்டாம். குளிர் அறைக்கென்று தனிக் கட்டணம் கேட்கும் ஜிம்மில், அங்கே பயிற்சி செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் எவ்வளவு எடை குறைந்தது என்ற கணக்கைக் கேளுங்கள். அதைக் காட்டாதவரை காசு கொடுக்காதீர்கள்.